தோற்பவரின் மரவாள்

2009 மே 15, வெள்ளிக்கிழமை. விபோர்க், டென்மார்க்.

ஐந்து மணிக்கு எழுந்தேன். சூரியன் எனக்கு முன்பே எழுந்திருந்தது. போர்வையை மடித்து, கட்டிலின் கால்மாட்டில் வைத்தேன். தேத்தண்ணீர் ஊற்றிக் குடித்தேன். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தேன். ஆறு மணிக்குத் தங்கை வசந்தி முதியோர் இல்லத்து வேலைக்குப் போனாள். அவளுடைய மகள் அபிக்குக் கறுப்புப் பாணில் ஈரல் பசை பூசி, வெள்ளரிக்காய்த் துண்டு இரண்டு வைத்துப் பெட்டியில் கட்டிக் கொடுத்தேன். அந்தப் பசை பார்வைக்குச் சீமெந்து; வாயில் வைத்தால் மோசமில்லை. ஏழரைக்கு அபியும் பள்ளிக்கூடம் போனாள். பிறகு என் சூட்கேசைத் திறந்து, உள்ளே இருந்த பட்டுச் சேலை ஐந்தையும் எடுத்து, மடிப்பு மாற்றி, திரும்ப வைத்தேன்.

அந்தச் சேலைகளைக் கொண்டுவரத்தான் கொழும்பிலிருந்து வந்தேன். அபி பெரியபிள்ளையானதற்கான சாமத்தியச் சடங்கு இந்த மாதம் நடப்பதாக இருந்தது. வன்னியில் சண்டை கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட, டென்மார்க்கில் எந்தத் தமிழ் வீட்டிலும் மேளம் அடிக்கிற மனநிலை இல்லை. மண்டபத்தை நிறுத்தினார்கள், படம் பிடிப்பவரை நிறுத்தினார்கள். என் விமானச் சீட்டை மட்டும் நிறுத்த முடியவில்லை. ஆகவே நான் வந்தேன், சடங்கு வரவில்லை.

“சடங்கு நிண்டது உனக்குக் கவலையோ பிள்ளை?” என்று அபியிடம் முதல் நாளே கேட்டேன். அவள் டேனிஷில் நீளமாக ஏதோ சொன்னாள்.

“என்னவாம்?”

“கடவுள் இருக்கிறாராம்,” என்றாள் வசந்தி.

பகல் முழுவதும் தொலைக்காட்சியில் தமிழ்ச் செய்தி ஓடும். அதே படங்கள், அதே கடற்கரை, அதே கூடாரத் துணிகள். வீட்டில் யாரும் அதை நிறுத்துவதில்லை. யாரும் முழுதாகப் பார்ப்பதுமில்லை. தங்கையின் கணவர் குலத்துக்கு யன்னல் செய்கிற தொழிற்சாலையில் வேலை. அவருடைய அக்கா குடும்பம் சென்ற மாதமே தப்பி வந்து, வவுனியா முகாமில் இருப்பதாகத் தகவல் வந்திருந்தது. உயிரோடு இருக்கிறார்கள் என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. அன்று மாலை வேலையால் வந்தவர் என்னைப் பார்த்தார், தொலைக்காட்சியைப் பார்த்தார், பிறகு மூலையில் இருந்த நீளமான துணிப்பையை எடுத்தார்.

“மச்சாள், வெளிக்கிடுங்கோ. உதுக்கு முன்னால இருந்தால் விசர் பிடிக்கும்.”

“எங்க?”

“தோக்கிறதுக்கு.”

பையில் இருந்தது மரவாள். ஜப்பானியச் சண்டைக்கலைகளில் பழகுவதற்கு வைத்திருப்பது. வெள்ளை ஓக் மரம், என் கையில் ஒரு அகப்பைக் காம்பைவிடக் கொஞ்சம் அதிகமான பாரம். விபோர்க்கில் ஒரு பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சி மண்டபத்தில் பதினைந்து பேர் வாரம் இரண்டு தரம் கூடிப் பழகுகிறார்கள். நுழையும்போது குனிகிறார்கள், வாளுக்குக் குனிகிறார்கள், எதிரே நிற்பவருக்குக் குனிகிறார்கள். பிறகு ஒருவர் மண்டையை ஒருவர் குறிபார்த்து ஓங்குகிறார்கள். முடிந்ததும் திரும்பக் குனிந்து நன்றி சொல்கிறார்கள். இவ்வளவு மரியாதையாக ஒருவரையொருவர் கொல்ல முயல்வதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

குலத்துக்கு எதிரே நின்றவர் கிர்ஸ்டன். விபோர்க்கில் நகர பஸ் ஓட்டுகிறவர். ஐம்பதைத் தாண்டியவர், ஆண்பிள்ளை வெட்டாகத் தலைமயிர், கழுத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிச் சங்கிலி. சோடியாகச் செய்கிற அசைவுகளை அவர்கள் வடிவம் என்கிறார்கள். மொத்தம் பன்னிரண்டு வடிவம். குலம் தாக்குவார், கிர்ஸ்டன் விலகுவார், அவருடைய வாள் குலத்தின் மணிக்கட்டிலோ கழுத்திலோ ஒரு விரல் இடைவெளியில் வந்து நிற்கும். பன்னிரண்டு தரமும் குலம்தான் செத்தார்.

நான் சுவரோர வாங்குப் பலகையில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். இடைவேளையில் கேட்டேன்: “என்ன குலம், எட்டு வருசம் பழகியும் ஒரு பொம்பிளைப்பிள்ளையிட்ட உப்பிடி வாங்கிறியள்?”

அவர் சிரித்தார். “பழகினவர்தான் தோக்க வேணும், மச்சாள். அதுதான் உதில முறை. புதுசா வந்தவருக்குத் தோக்கத் தெரியாது. பயத்தில இடைவெளி விடமாட்டார், இல்லாட்டி வெட்டிப்போடுவார். எந்த இடத்தைத் திறந்து விடவேணும், எப்ப விடவேணும் எண்டு தெரிஞ்சவர்தான் தோக்கிற பக்கம் நிக்கலாம். எனக்கு அந்தப் பக்கம் தர ஆறு வருசம் எடுத்தவை.”

“அப்ப இது பதவி உயர்வு.”

“ஓம். எங்கட ஆக்களுக்கு விளங்கப்படுத்தேலாது.”

கிர்ஸ்டன் எனக்கு ஆங்கிலத்தில் விளக்கினார். ஞாயிற்றுக்கிழமை ஓகூஸ் நகரில் அவருக்குக் கறுப்புப் பட்டிச் சோதனை. சோதிப்பவர் ஜப்பானிலிருந்து வருகிற முதிய ஆசிரியர். இதுதான் தன் கடைசிப் பயணம் என்று அறிவித்துவிட்டார். இந்தப் பன்னிரண்டு வடிவத்தின் தோற்கும் பக்கம் சங்கத்தில் குலத்துக்கு மட்டும்தான் தெரியும். “அவர் இல்லாவிட்டால் நான் காற்றோடு சண்டை போட வேண்டும்,” என்றார். “காற்று ஒழுங்காகத் தோற்காது.”

மே 16, சனிக்கிழமை.

காலையில் பிட்டு, உருளைக்கிழங்குப் பிரட்டல். டென்மார்க் உருளைக்கிழங்கு நல்ல மாப்பிடிப்பு. இதை மட்டும் நம் ஊருக்கு அனுப்பலாம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ராசன் அண்ணை வந்தார். இந்தப் பக்கத்துத் தமிழர்களைக் கூட்டிச் செல்கிற வேலை எதுவானாலும் அவர்தான் முன்னுக்கு நிற்பார். நாளை கொபன்ஹேகனில் ஆர்ப்பாட்டம். விபோர்க்கிலிருந்து பஸ் காலை ஆறு மணிக்கு.

“தம்பி, வீட்டுக்கு மூண்டு சீட் போட்டிருக்கிறன். அக்காவும் வாறாவெண்டால் நாலு.”

குலம் பிட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “அண்ணை, நாளைக்கு எனக்கு ஓகூஸில ஒரு சோதனை.”

“என்ன சோதனை? ரத்தமோ?”

“மரவாள்.”

ராசன் அண்ணை தேத்தண்ணீர்க் கோப்பையை மேசையில் வைத்தார். பிறகு என்னிடம் திரும்பி, குலம் அங்கே இல்லாததுபோலச் சொன்னார்: “கேட்டியளோ அக்கா? அங்க சனம் பங்கருக்குள்ள கிடக்குது. இஞ்ச இவர் தடியடிச்சு விளையாடப் போறார்.”

“அவருக்குச் சோதனை இல்லை. கூட வாற ஒரு டேனிஷ்காரிக்கு,” என்றாள் வசந்தி. உதவி செய்கிற குரலில்லை அது.

“அதுவும் வெள்ளைக்காரிக்கோ!”

“அண்ணை, அவ நாலு வருசமாப் பழகிறா,” என்றார் குலம்.

“நாங்கள் முப்பது வருசமாப் பழகிறம், தம்பி,” என்று சொல்லிவிட்டு ராசன் அண்ணை எழுந்தார். தேத்தண்ணீரை முழுதாகக் குடித்துவிட்டுத்தான் எழுந்தார் என்பதையும் குறிக்க வேண்டும்.

அவர் போனதும் வசந்தி கோப்பைகளை மோதவிட்டுக் கழுவினாள். “நாலு பேர் என்ன கதைப்பினம்? நீங்கள் ஒராள் போறதால சண்டை நிக்கப்போறதில்லை, தெரியும். ஆனா போகாமல் விட்டால் அதை எல்லாரும் பாப்பினம்.”

“அங்க நான் ஆயிரத்தில ஒராள். இஞ்ச நான் ஒராள்தான்,” என்றார் குலம்.

இரண்டு பக்கமும் சரியாகப் பட்டதால் நான் கறித் தட்டை எடுத்து மூடினேன்.

மத்தியானம் கிர்ஸ்டன் ருபாப் கேக்கோடு வந்தார். ருபாப் என்பது கீரைத் தண்டு மாதிரி ஒன்று, சிவப்பு, புளிப்பு. நாங்கள் குழம்பில் போடக்கூடியதை இவர்கள் சீனி போட்டுக் கேக் ஆக்குகிறார்கள். வீட்டில் காற்று சரியில்லை என்பதை அவர் உடனே கண்டுகொண்டார். தொலைக்காட்சியைப் பார்த்தார், ஒலியைக் குறைத்து வைத்திருந்தோம். எதுவும் கேட்கவில்லை. டேனிஷ்காரர் கேட்கமாட்டார்கள். அது மரியாதையா சோம்பலா என்று ஒரு வாரத்தில் என்னால் முடிவு செய்ய இயலவில்லை. கேக்கை நேராக வெட்டி, ஆளுக்கொரு துண்டு வைத்து, “நாளை எட்டரை மணி ரயில்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மே 17, ஞாயிற்றுக்கிழமை.

ஐந்தே முக்காலுக்கு வசந்தியும் அபியும் ராசன் அண்ணையின் பஸ்ஸுக்குப் போனார்கள். அபி காதில் பாட்டுக் கருவியோடு, கையில் சுருட்டிய பதாகையோடு போனாள். வசந்தி என்னிடம் மட்டும் போய்வருகிறேன் என்றாள்.

குலம் துணிப்பையைத் தோளில் போட்டார். “வாறியளோ மச்சாள்?”

போனேன். ஒருவராவது அவரோடு போக வேண்டுமென்று தோன்றியது.

எட்டரை ரயில் இல்லை. தண்டவாள வேலையாம், அதற்குப் பதிலாக பஸ். ஓட்டுநர் வழி தெரியாமல் ஒரு கிராமத்துத் தேவாலய முற்றத்தில் பஸ்ஸைத் திருப்ப முயன்றார். கிர்ஸ்டன் மூன்றாவது இருக்கையில் இருந்து மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். கடைசியில் தாங்க முடியாமல் முன்னே போய்ப் பின்பக்கம் பார்த்துக் கை காட்டினார். கொழும்பில் பஸ் வழி தவறினால் பயணிகள் எல்லாரும் ஓட்டுநராகிவிடுவார்கள். இங்கே உத்தியோகபூர்வமாக ஓட்டத் தெரிந்த ஒருவர்கூட வெட்கப்பட்டுக்கொண்டு எழுகிறார்.

குலத்தின் பக்கத்தில் இருந்த கிழவர் துணிப்பையைக் கண்டு டேனிஷில் ஏதோ கேட்டார். குலம் தலையாட்டினார். கிழவர் உற்சாகமாகிப் பேசத் தொடங்கினார். ஓகூஸ் வரும்வரை நிறுத்தவில்லை.

“என்னவாம் குலம்?”

“மீன் பிடிக்கவோ எண்டு கேட்டார். ஓம் எண்டுட்டன். எந்தத் துறையில ஹெரிங் கிடக்கு எண்டு சொல்லுறார்.”

கொழும்பில் சோதனைச் சாவடியில் என் மதியச் சாப்பாட்டுப் பெட்டியைச் சிப்பாய் திறந்து, கத்தரிக்காயைக் கரண்டியால் கிளறிப் பார்த்திருக்கிறான். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருப்பதுதான் காரணம். இங்கே ஒரு யாழ்ப்பாணத்தான் வாளோடு போகிறான். இவர்கள் அவனுக்கு மீன் இருக்கிற இடம் சொல்கிறார்கள்.

துறைமுகத்துப் பண்டகசாலைகளுக்குப் பின்னால் இருந்தது மண்டபம். சப்பாத்துகளை வாசலில் வரிசையாக வைத்துவிட்டு நுழைந்தோம். ஆசிரியர் முன்னால் ஒரு நாற்காலியில் இருந்தார். மிகச் சிறிய மனிதர், பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு டேனிஷ் இளைஞர். உடை மாற்றிக்கொண்டு வந்த குலத்தின் கைத்தொலைபேசி அடித்தது. கொபன்ஹேகனிலிருந்து வசந்தி. நான் அருகிலேயே நின்றதால் அவள் குரல் கேட்டது.

“முடிஞ்சுதாம். இயக்கம் துப்பாக்கியளை மௌனமாக்கிறமெண்டு அறிவிச்சிட்டுதாம். இஞ்ச எல்லாரும் றோட்டில குந்தி இருந்து அழுகினம். நீங்கள் எங்க நிக்கிறியள்?”

“மண்டபத்தில.”

“சரி,” என்றாள். வைத்துவிட்டாள்.

குலம் தொலைபேசியைத் தன் சப்பாத்துக்குள் வைத்தார். பெயர் கூப்பிட்டார்கள். போய்க் குனிந்தார்.

முதல் மூன்று வடிவமும் ஒழுங்காக நடந்தன. குலம் மூன்று தரம் செத்தார். நான்காவதில் அவர் ஓங்கி வெட்ட, கிர்ஸ்டன் இடப்பக்கம் விலகி மணிக்கட்டுக்கு வர வேண்டும். குலம் அந்த மணிக்கட்டைத் திறந்து விட வேண்டும். அவர் விடவில்லை. முழங்கை இறங்கியது, வாள் திரும்பியது, இரண்டு மரமும் மோதி மண்டபம் முழுக்க ஒலித்தது. கிர்ஸ்டன் அப்படியே நின்றுவிட்டார். பிறகு மெதுவாக ஏதோ சொன்னார், சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். “குலம், இந்த நேரம் நீ செத்திருக்க வேண்டுமே,” என்றாராம்.

திரும்பத் தொடங்கினார்கள். திரும்பவும் தடுத்தார். மூன்றாந் தரம் கிர்ஸ்டன் வேகமாக வந்தார், அதையும் தடுத்தார். எட்டு வருடத்துப் பயிற்சி, பார்க்க மிக அழகாகவே இருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. ஆசிரியர் கையை உயர்த்தினார். மொழிபெயர்ப்பாளர் சொன்னதைக் கிர்ஸ்டன் பின்னால் எனக்குச் சொன்னார்: தோற்கும் பக்கத்தில் நிற்பவருக்குச் சுகமில்லையா? ஐந்து நிமிடம் தருகிறேன். அதற்குமேல் முடியாவிட்டால் சோதனை இல்லை.

குலம் வெளியே வந்து சப்பாத்து வரிசைக்குப் பக்கத்தில் தரையில் இருந்தார். நானும் போனேன்.

“என்ன குலம்?”

“நான் வேணுமெண்டு செய்யேல்லை, மச்சாள். வாள் வருகுது, கை தன்ரபாட்டில தடுக்குது.”

“கையிட்டச் சொல்லுங்கோ, அவ நாலு வருசமாப் பழகினவ எண்டு.”

“சொன்னன். கேக்குதில்லை. இண்டைக்கு ஒரு நாள், ஒருத்தரிட்டையும் தோக்கேலாது எண்டு நிக்குது.” உள்ளங்கைகளைப் பார்த்தார். “ராசன் அண்ணை கண்டிருந்தால் சந்தோசப்பட்டிருப்பார். போராட்டம் கடைசியா ஓகூஸில நடக்குது, ஒரு பஸ் ஓட்டிறவவுக்கு எதிரா.”

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. சிதறிக் கிடந்த ஒரு சோடிச் சப்பாத்தை நேராக்கி வைத்தேன்.

கிர்ஸ்டன் வந்தார். எங்களுக்கு எதிரே குந்தினார். நான் நிற்பதால் ஆங்கிலத்திலேயே கேட்டார். “என்ன நடந்தது?”

“எங்கள் நாட்டில் போர் முடிந்துவிட்டது,” என்றார் குலம்.

“ஓ! அது நல்லதல்லவா?”

உண்மையான மகிழ்ச்சியோடு கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. போர் முடிந்தால் நல்லது என்றுதான் உலகத்துப் பாடப்புத்தகம் எல்லாவற்றிலும் இருக்கிறது. குலம் சப்பாத்துக்குள் கிடந்த தொலைபேசியைப் பார்த்தார். நானும் அதையே பார்த்தேன். கிர்ஸ்டன் எங்கள் இரண்டு முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். அவருடைய முகம் மெல்ல மாறியது.

“சரி,” என்று எழுந்தார். “எனக்குத் தோள்பட்டை பிடித்துவிட்டது, இன்று முடியாது என்று ஆசிரியரிடம் சொல்கிறேன். உன் பெயர் வராது.”

“அவர் இனி வரமாட்டார், கிர்ஸ்டன்.”

“தெரியும்.”

அவர் கதவை நோக்கி நாலடி வைத்திருப்பார். குலம் எழுந்து அவரைக் கடந்து உள்ளே போனார். போய் நடுவில் நின்று, வாளை எடுத்து, குனிந்தார்.

நான்காவது வடிவத்திலிருந்து தொடங்கினார்கள். குலம் ஓங்கினார், கிர்ஸ்டன் விலகினார். மணிக்கட்டு திறந்திருந்தது. வாள் ஒரு விரல் இடைவெளியில் நின்றது. ஐந்தில் கழுத்து, ஆறில் விலா. அன்று வரை நான் பார்த்த எந்தத் தோல்வியும் இவ்வளவு துப்புரவாக இருந்ததில்லை. அவர் முகத்திலிருந்து நீர் வழிந்தது. வியர்வை என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள், நானும் எடுத்துக்கொண்டேன். பன்னிரண்டாவதில் தோற்பவர் ஒரு முழங்காலில் விழ வேண்டும். குலம் விழுந்தார், எழத் தாமதித்தார். ஆசிரியர் அவசரப்படுத்தவில்லை. கிர்ஸ்டனும் வாளை எடுக்காமல் அப்படியே காத்து நின்றார்.

கிர்ஸ்டன் தேறினார். ஆசிரியர் அவரைப் பாராட்டி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. “நாளையிலிருந்து நீங்கள் தோற்கும் பக்கம்,” என்றார். மொழிபெயர்ப்பாளர் சொன்னதும் கிர்ஸ்டன் சிவந்து போனார். லொத்தர்ச் சீட்டு விழுந்தவர் மாதிரி வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு மேசையில் ஊறுகாய் போட்ட ஹெரிங், கறுப்புப் பாண், கோப்பி. நான் ஹெரிங் இரண்டு துண்டு சாப்பிட்டேன். தேசிக்காய் ஊறுகாயில் மீனைப் போட்டதுபோல இருந்தது. குலம் கோப்பி மட்டும் குடித்தார்.

திரும்பும் பஸ்ஸில் கொழும்பிலிருந்து என் கணவர் தொலைபேசியில் அழைத்தார். “வெடிச் சத்தம் கேக்குதோ? பயப்பிடாதையும், பட்டாசு. ஒழுங்கை முழுக்கக் கொடி. பக்கத்து வீட்டுச் சிங்களச் சனம் வெற்றியெண்டு பால்சோறு கொண்டுவந்து தந்தவை.”

“வாங்கினீங்களோ?”

“வாங்காமல் விடேலுமே?”

“சாப்பிட்டீங்களோ?”

“அவை வாசல்ல நிண்டவை. ஒரு துண்டு சாப்பிட்டன்,” என்றார். “சீனிச்சம்பலும் வச்சிருந்தவை,” என்று பிறகு சேர்த்தார்.

வசந்தியும் அபியும் இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். வசந்திக்குக் குரல் அடைத்துப் போயிருந்தது. குலத்தை ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசுவதற்குக் குரல் இல்லையோ, மனம் இல்லையோ. அரிசியைக் களைந்து அடுப்பில் வைத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்: “அவ பாஸோ?”

“பாஸ்.”

“ம்,” என்றாள். “அதாவது நடந்துதே.”

அபி தகப்பனுக்குப் பக்கத்தில் வந்து இருந்து, தமிழில், “அப்பா, நான் அங்க அழுதனான்,” என்றாள். அவள் தமிழில் தானாகத் தொடங்கியதை இந்தப் பயணத்தில் அப்போதுதான் கேட்டேன். அன்று யாரும் தொலைக்காட்சி போடவில்லை.

மே 18, திங்கட்கிழமை.

ஆறு மணிக்கு வாசல் மணி அடித்தது. நான்தான் திறந்தேன். பஸ் ஓட்டுநர் சீருடையில் கிர்ஸ்டன், கையில் மரவாள்.

“ஆசிரியர் நாளையிலிருந்து என்றார்,” என்றார். “இன்றுதானே அந்த நாளை? ஏழு மணிக்கு எனக்கு பஸ்.”

ஒருவர் நாளை என்றால் அதை நாளைக்கே செய்கிற ஆட்கள் இந்த நாட்டில்தான் இருப்பார்கள். குலம் சாரத்தோடு வந்து எட்டிப் பார்த்தார். போய்க் காற்சட்டை மாற்றி, வாளோடு பின்பக்கப் புல்வெளிக்கு வந்தார். கொடியில் காய்ந்த துணிகளுக்கும் குப்பைத் தொட்டிகளுக்கும் நடுவில் நின்று இருவரும் குனிந்தார்கள். நாயோடு போன ஒரு மனிதர் அவர்களுக்குக் காலை வணக்கம் சொன்னார்.

கிர்ஸ்டன் ஓங்கினார். தோற்பது அவருக்குப் புதிது. மணிக்கட்டை மிகவும் முன்னதாகவே திறந்துவிட்டார், கண்ணை வேறு மூடிக்கொண்டார். குலம் விலகி வாளை உயர்த்தினார். உயர்த்திய வாள் மேலேயே நின்றது. கிர்ஸ்டன் கண்ணைத் திறந்தார், கையை எடுக்கவில்லை. குலத்தின் வாள் மெல்ல இறங்கி, அந்த மணிக்கட்டுக்கு ஒரு விரல் மேலே நின்றது.

அன்று வேலைக்குப் போகாத வசந்தி குசினி யன்னலைத் திறந்து அடைத்த குரலில் கேட்டாள்: “ஆர் வெண்டது?”

தமிழ் தெரியாத கிர்ஸ்டன்தான், கேள்வி விளங்கியவராக, வெறுங்கையால் குலத்தைச் சுட்டிக் காட்டினார்.